செல்யா ஆற்றில் ஒரு மரியா மீன்

செல்யா ஆற்றின் கரையில் எந்தப் பண்ணை வாசலில் காரை நிறுத்தி, “சால்மன் மீனுக்கு எந்தப் பூச்சி கட்டலாம், எப்போ இறங்கலாம்?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “ஹோல்ட் பண்ணைக்குப் போய் கோல்பெய்னைக் கேளுங்க.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். கேட்டவர் வெளியூர்க்காரராக இருந்தால் அந்தச் சிரிப்பு எதற்கென்று விளங்காது.

கோல்பெய்ன் மனசார வழி சொல்லுவான். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறும்போது போகாதே, இறங்கத் தொடங்கும்போது போ என்பான். தண்ணீர் தெளிந்து கிடந்தால் பார்லி மணியளவில் இறகும் மயிரும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சி, கலங்கி ஓடினால் கனத்த கறுப்புப் பூச்சி. காலையில் உறைபனி விழுந்திருந்தால் விழுந்தடித்து ஓடாதே, கல்லெல்லாம் வெயில் காயட்டும், பிற்பகலுக்கு மேல் இறங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, சால்மன் வாயில் வாங்கியதும் தூண்டில் கோலைத் தூக்கித் தொலைக்காதே. கையைக் கட்டிப் போட்ட மாதிரி நில். அது கவ்விக்கொண்டு திரும்பட்டும், முள் தானாக வாயோரத்தில் ஏறும். இதைக் கேட்டுக்கொண்டு போனவர்கள் சாயங்காலம் சால்மனோடு வந்து அவன் முதுகில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சொன்னவன் மட்டும் அறுபதை நெருங்கியும் வாழ்நாளில் ஒரு சால்மன்கூடப் பிடித்தது கிடையாது. அந்தச் சிரிப்பு அதற்குத்தான்.

பிடிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். பார்வைக்குச் சால்மன் மாதிரியே, கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் மீன் இருக்கிறதே, அதைப் பிடிப்பதில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவனுக்கு ஈடு கிடையாது. வம்பே அங்கேதான் இருந்தது. ட்ரவுட் பூச்சியைத் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடும் குணமுள்ளது. தொட்ட நொடியில் வெடுக்கென்று இழுத்தால்தான் உண்டு. சின்ன வயதிலிருந்து வெடுக்கென்று இழுத்தே பழகிய கை அவனுடையது. சால்மன் சாவகாசமாக வாயைத் திறக்கும்போது இந்தக் கை முந்திக்கொள்ளும். பூச்சி காற்றில் பறக்கும், சால்மன் தண்ணீருக்குள் திரும்பும், கோல்பெய்ன் தன் கையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லுவான். ஊருக்கெல்லாம் தூக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னவனுக்குத் தன் கையிடம் சொல்ல வாயில்லை.

இதற்கு அவன் சொல்லும் காரணம் வேறு. அந்த ஊர் வழக்கத்தில், ஒருவர் முதன்முதலில் பிடிக்கும் சால்மனுக்கு மரியா மீன் என்று பேர். அதன் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் நகமளவில் ஒரு கொழுத்த சின்னத் துடுப்பு இருக்கும். பிடித்தவர் அதைப் பச்சையாகக் கடித்து விழுங்க வேண்டும். விழுங்கினால் ஆறு அவரை ஏற்றுக்கொண்டது, இனி சால்மன் வந்துகொண்டே இருக்கும் என்று அர்த்தம். கோல்பெய்ன் ஒன்பது வயதில் அப்பாவோடு போய், தன் கை நீளத்துக்கு வெள்ளியாக மின்னிய ஒன்றை இழுத்துப் போட்டான். அப்பா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், “கடிடா, கடி!” என்று கத்த, பையன் கடித்தான், விழுங்கினான், உதட்டில் ரத்தத்தோடு போட்டோவுக்கு நின்றான். அப்பா அதைப் பெரிதாக்கிக் கூடத்துச் சுவரில் மாட்டினார்.

அது ட்ரவுட்.

ஐந்து வருஷம் கழித்து இவனுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடந்தது. அன்றைய விருந்துக்கு வந்த பக்கத்துப் பண்ணைப் பையன் பால்டுர், வாய் நிறைய கேக்கோடு சுவரைப் பார்த்து, “ஏய், அந்த வாலைப் பாருங்க! கத்தரிச்சு விட்ட மாதிரி நேரா இருக்கு! சால்மனுக்கு வால் உள்ளே வளைஞ்சுல்ல இருக்கும்!” என்று கூவினான். மொத்த விருந்தும் எழுந்து வந்து பார்த்தது. அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, பாவம் மனுஷன், காப்பி போடப் போய்விட்டார். அன்றிலிருந்து கோல்பெய்னுக்கு ஊர் வைத்த பேர் ட்ரவுட். தப்பான மீனின் துடுப்பை விழுங்கியதால்தான் சால்மன் தன்னை ஒதுக்குகிறது என்று அவன் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் நம்பினான்.

போதாக்குறைக்கு அவனுக்கு வாய்த்த ஸ்வாவா, கல்யாணமான முதல் கோடையில், கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, முதல் வீச்சிலேயே ஒரு சால்மனைப் பிடித்துத் துடுப்பைக் கடித்துத் துப்பாமல் விழுங்கி, “உப்பு பத்தல” என்று சொன்னவள். அதோடு மீன்பிடிப்பு அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் காலம், வைக்கோல் காலம், மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் காலம் என்று வருஷத்தையே தூக்கிச் சுமக்கிறவள். உள்ளதை உள்ளபடி சொல்லும் வாய். பாதிரியார் பிரசங்கம் நன்றாயிருந்ததா என்று கேட்டால், “நீளம்” என்பாள். விருந்தில் யாராவது, “என்ன ட்ரவுட், இந்த வருஷமாவது?” என்று கிளப்பினால் முதலில் வெடித்துச் சிரிப்பது அவள்தான். அவளுடைய சிரிப்பு மேஜையில் உள்ள கிண்ணங்களை அதிர வைக்கும். அவள் சிரித்த பிறகு மற்றவர்களுக்குத் தயக்கமே இருக்காது.

கோல்பெய்ன் கோபித்துக்கொண்டதில்லை. நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான், ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். ஆனால் உள்ளுக்குள் அந்த ஒரு விஷயம் இருந்தது. மரியா மீனைப் பிடித்தவர்கள் விருந்து மேஜையில் பேசும்போது ஒரு தோரணை வரும். அவன் பேசும்போது அது வராது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

இந்த வருஷம் அந்த ஆசைக்கு நாள் குறித்தாகிவிட்டது. கோடை முழுக்க ஆறு வெளியூர்க்காரர்களுக்குக் குத்தகை. செப்டம்பர் கடைசியில், ஆற்றை மூடுவதற்கு முன், கரையோரப் பண்ணைக்காரர்களுக்கென்று சில நாட்கள் விடுவார்கள். அரைநாள் அரைநாளாக முறை வரும். அந்த முறை ஆளுக்கில்லை, பண்ணைக்கு. ஹோல்ட் பண்ணையோ இந்தக் குளிர்காலத்தில் மகள் ஊனா கைக்கும் அவள் புருஷன் ஆர்னார் கைக்கும் போகிறது. கோல்பெய்னும் ஸ்வாவாவும் அக்குரேரி நகரத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டார்கள், அவனுடைய முழங்கால் அப்படி. ஆர்னார் நல்ல பையன்தான், ஆனால் மீன் பைத்தியம். அவனிடம் போய், ‘மாப்பிள்ளை, உன் முறையில் எனக்கு ஒரு மணி நேரம் கொடேன்’ என்று கேட்பதைவிட ஆட்டோடு ஆடாக நின்று மயிர் கத்தரித்துக்கொள்வது மேல் என்று கோல்பெய்ன் நினைத்தான்.

ஆக, இந்த அரைநாளில் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் சாகும்வரை ட்ரவுட்.

அந்த வாரம் முழுக்க சமையலறை மேஜை அவன் கையில். சுருள் சுருளாகத் தங்கூசி என்கிற தூண்டில் நரம்பு, மெழுகு, இறகு, சின்ன இடுக்கி. மிதக்கிற நூலா, அமிழ்கிற நூலா என்று தனக்குள்ளேயே வழக்காடினான். மெல்லிய தங்கூசி போட்டால் சால்மன் அறுத்துவிடும், தடித்தது போட்டால் தெளிந்த தண்ணீரில் கயிறு மாதிரி தெரியும். வானொலி வானிலையைச் சொல்லும்போது குக்கரை அணைத்துவிடுவான், இரைச்சல் கேட்கக் கூடாதாம்.

“என் பிரசவத்துக்குக்கூட எங்க அம்மா இவ்வளவு தயார் பண்ணல,” என்றாள் ஸ்வாவா.

“புதன்வரைக்கும் மழை. வியாழன் விட்டுரும். என் முறை வியாழன் மத்தியானம். தண்ணி இறங்கிட்டிருக்கும், கலங்கல் பாதி தெளிஞ்சிருக்கும். இதைவிட நல்ல நேரத்தைக் கடவுளே கொடுக்க முடியாது, ஸ்வாவா.”

“அப்ப எந்தப் பூச்சி?”

“அதான் தெரியல.” அவன் முகத்தில் நிஜமான துயரம் இருந்தது. “சிவப்புல சின்னது ஒண்ணு கட்டியிருக்கேன். அப்புறம் இது.”

அவன் தூக்கிக் காட்டியது பித்தளைக் குழாயில் கட்டிய விரல் நீளக் கறுப்பு மயிர்க் கொத்து. பண்ணை நாயின் வால் மயிர். நாய் மேஜைக்கடியிலிருந்து சந்தேகத்தோடு பார்த்தது.

“நனைஞ்ச எலி மாதிரி இருக்கு,” என்றாள் அவள். “நான் மீனா இருந்தா எரிச்சல்லயே கடிச்சிருவேன்.”

செப்டம்பர் சால்மன் பசிக்காகக் கடிப்பதில்லை, ஆற்றுக்கு வந்தபின் அது எதையும் தின்னாது, எரிச்சலில்தான் கடிக்கும் என்று அவன் இருபது வருஷமாக எல்லாருக்கும் சொல்லி வந்தவன். அவள் அதைத் தற்செயலாகச் சொன்னதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அந்த ‘எலி’ தகரப் பெட்டிக்குள் போயிற்று.

வியாழன் மத்தியானம், மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கும் ஆற்றுவிடுதியில் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். யாருக்கு எந்த மடு என்பதற்குச் சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு உருவ வேண்டும். கோல்பெய்னுக்கு ராணி வந்தது. ராணி என்றால் பாதிரி மடு, ஆற்றிலேயே உசத்தியான இடம்.

பால்டுர் அவன் தோளில் கையைப் போட்டான். நரைத்துத் தொப்பை போட்டும் அந்த வாய் மாறவில்லை. “போச்சுடா ட்ரவுட். இனி மடு சரியில்லைன்னு சாக்குச் சொல்ல முடியாது. தண்ணி நல்லாயிருக்கு, காத்து இல்ல. மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன்தான்.”

“உன் வாயில புண்ணு வர,” என்றான் கோல்பெய்ன் அன்பாக.

“வந்தா சூப் குடிக்க முடியாதேடா. சாயங்காலம் என் பொண்டாட்டி வைக்கிற ஆட்டுக்கறி சூப்பு. சால்மனோட வா, முதல் கரண்டி உனக்கு. பெரிசா மாட்டிச்சுன்னா விட்டுரணும், ஞாபகம் இருக்கில்ல? உன் சட்டம்!”

அவன் சட்டமேதான். எழுபது சென்டிமீட்டருக்கு மேல் போனால் சால்மனைக் காயமில்லாமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும், முட்டை போடும் பெருமீன் குறைந்துகொண்டே வருகிறது என்று ஆற்றுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று மல்லுக்கட்டி அதை நிறைவேற்ற வைத்தவன் கோல்பெய்ன். சால்மனே பிடிக்காதவன் சட்டம் போடுகிறானா என்று அன்றைக்கு ஒரே கூச்சல். அடுத்த கோடையிலேயே பால்டுருக்கு ஒரு ராட்சசன் மாட்டியது. விட்டான். விட்டுவிட்டு ஒரு வருஷம் கோல்பெய்னைத் திட்டினான். “விட்டாலும் அது உன் மீன்தான்யா,” என்று கோல்பெய்ன் சமாதானம் சொன்னான். சொல்லும்போது, அது உண்மைதானா என்று அவனுக்கே தெரியாது.

முழங்கால் காரணமாக அன்று ஸ்வாவாதான் ஜீப்பை ஓட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஆற்றுக்குக் கூட்டிப்போனதே இல்லை, முதல் கோடையைத் தவிர. அவள் பேசுவாள். ஆற்றங்கரையில் பேச்சு கூடாது என்பது அவன் சட்டங்களில் இன்னொன்று.

“வண்டியிலயே இருக்கியா?” என்று கேட்டுப் பார்த்தான்.

“குளிருது. கரையில உக்காந்து பின்னுறேன். ஊசி சத்தம் உன் மீனுக்குக் கேக்குமா?”

பாதிரி மடு ஒரு பாறைச் சரிவுக்குக் கீழே, மேலே சலசலத்து வந்த தண்ணீர் சட்டென்று ஆழமாகி அமைதியாகும் இடம். மலையுச்சியில் புதுப்பனி விழுந்திருந்தது. அவன் ரப்பர் கால்சட்டையோடு தொடைவரை இறங்கி, முதலில் சிவப்பைக் கட்டி வீசினான். வீச்சைக் குறை சொல்ல முடியாது, நூல் எதிர்க்கரை ஓரம்வரை போய்ப் படுக்கும், பூச்சி நீரோட்டத்தில் வளைந்து வரும். ஓர் அடி கீழே நகர்ந்து மறுபடி.

மூன்றில் ஒரு பங்கு மடு முடிந்தபோது தண்ணீர் ஓரிடத்தில் புடைத்தது. ஒரு முதுகு தெரிந்தது. கை பறந்தது. பூச்சி அவன் காதோரம் விர்ரென்று போயிற்று.

“கையை வெட்டிப் போடணும்!” என்று கத்தினான்.

ஸ்வாவா பின்னிக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்து இன்னொன்று அசைந்தது. மறுபடி அதே கதை. இந்த முறை அவன் கத்தவில்லை. கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். வெயில் மேற்கு மேட்டில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் முறை முடிந்தது.

“எலியைக் கட்டு,” என்றாள் ஸ்வாவா.

கட்டினான். விரல் மரத்துப்போய் முடிச்சு இரண்டு முறை நழுவியது. மடுவின் மேல்முனைக்குப் போய் மறுபடி தொடங்கினான். அவன் பத்து வீச்சு வீசியிருக்க மாட்டான், அவள் வாயைத் திறந்தாள்.

“அக்குரேரி வீட்டுக்கு உன் அப்பா நாற்காலி வராது.”

“என்னது?”

“இடம் பத்தாது. அளந்து பாத்துட்டேன்.”

“ஸ்வாவா, நான் மீன் பிடிச்சிட்டிருக்கேன்.”

“பிடி, யார் வேணாம்னா? நாற்காலி ஊனாகிட்ட இருக்கட்டும். என் தறி வரும்.”

“தறியா!” அவன் பாதி திரும்பிவிட்டான். நூல் தன்பாட்டுக்கு நீரோட்டத்தில் வளைந்துகொண்டிருந்தது. “குதிரை நிக்கிற இடம் வேணும் உன் தறிக்கு! நாற்காலிக்கு இடம் இல்ல, தறிக்கு இருக்கா?”

“தறியில வேலை நடக்கும். நாற்காலியில நீ தூங்குவ.”

“நான் எங்கதான் தூங்கறது? தறி மேலயா? பேசாம என்னையும் ஊனாகிட்டயே விட்டுட்டுப் போ! எங்க அப்பா அதுல உக்காந்துதான்…”

“உங்க அப்பா அதுல உக்காந்து முதுகு வலின்னு புலம்பினாரு.”

“புலம்பினாரு, ஆனா அது நாற்காலியால இல்ல! ஆடு முட்டினதால! அந்தக் கொம்பு உடைஞ்ச ஆடு, உனக்கே தெரியும், அதை வாங்காதீங்கன்னு நான் தலை தலையா…” கோல் வளைந்தது. அவன் கவனிக்கவில்லை. “…தலை தலையா அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டா?”

ரீல் அலறியது.

அப்போதுதான் அவன் திரும்பினான். கோல் வில்லாக வளைந்திருந்தது. கை இழுக்கவே இல்லை, கைக்கு நேரம் கிடைக்கவில்லை, அது நாற்காலிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சால்மன் எலியைக் கவ்வித் திரும்பி, முள்ளைத் தானே வாயோரத்தில் ஏற்றிக்கொண்டு, மடுவின் அடியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயோ,” என்றான் கோல்பெய்ன். “ஐயோ, ஸ்வாவா.”

“நாற்காலியை எடுத்துக்கோ! மீனைப் பாரு!”

அது பாய்ந்தது. தண்ணீரை விட்டு முழுசாக எழும்பி, பக்கவாட்டில் விழுந்தது. பிறகு மடுவின் வாய் வழியாகக் கீழே பாறைகளுக்கு நடுவே விழும் சிற்றருவிக்கு ஓடப் பார்த்தது. ஓடினால் தங்கூசி பாறையில் உரசி அறுந்துவிடும். கோல்பெய்ன் முழங்காலை மறந்து கரையோரமாகக் கீழே விழுந்து எழுந்து ஓடினான். கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து அதன் தலையைத் திருப்பினான். இழுத்தது, விட்டான், சுற்றினான், மறுபடி இழுத்தது. வாய் மட்டும் ஓயாமல், “மெதுவா, கண்ணு, மெதுவா,” என்று ஆட்டுக்குட்டியிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தது.

அது தளர்ந்து ஓரத்துக்கு வந்தபோது கைவலையோடு ஸ்வாவா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ரப்பர் கால்சட்டை இல்லை, ஒன்றுமில்லை, கம்பளிப் பாவாடையோடு இறங்கியிருந்தாள். பனிமலைத் தண்ணீர் அது. பல் தந்தியடித்துக்கொண்டே வலையை அடியில் கொடுத்து ஏந்தினாள். அவள் பையிலிருந்த கைபேசி அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

கோல்பெய்ன் வலைக்குள் கையை விட்டு வாலின் அடியைப் பிடித்தான். ட்ரவுட் என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இது வழுக்கவில்லை. பிடி கொடுத்தாற்போல் வால் அவன் கைக்குள் நின்றது, முனை பிறை மாதிரி உள்ளே வளைந்திருந்தது. கறுத்துச் சிவந்த பெண் மீன். வயிறு முட்டையால் புடைத்திருந்தது.

“சால்மன்,” என்றான். “ஸ்வாவா, இது சால்மன்.”

“பின்ன திமிங்கிலமா? கடிச்சுத் தொலை, எனக்குக் கால் போச்சு.”

அவன் அளவு நாடாவை எடுத்தான். மீனைத் தண்ணீரிலேயே வைத்து மூக்கிலிருந்து வால்வரை நீட்டினான். நீட்டிவிட்டு மறுபடி அளந்தான்.

எழுபத்தொன்று.

ஸ்வாவா எட்டிப் பார்த்தாள். “நாடா குளிர்ல சுருங்கியிருக்கு.”

“இல்ல.”

“அப்ப இழுபட்டிருச்சு.”

“இழுபட்டிருந்தா இன்னும் குறைச்சலாத்தான காட்டும்?”

“ஒரு விரல் அகலம், மனுஷா! ஒரே ஒரு விரல்!” அவள் சுற்றிலும் பார்த்தாள். ஆறு, மலை, ஜீப். “யாரும் பாக்கல. கடி.”

“நீ பாக்குறியே.”

“நான் கண்ணை மூடிக்கிறேன்.” மூடிக்கொண்டாள். நிஜமாகவே, வலையைப் பிடித்தபடி, இறுக மூடிக்கொண்டாள்.

கோல்பெய்ன் குனிந்தான். வாலுக்கு முன்னால் அந்தச் சின்னத் துடுப்பு இருந்தது. ஒன்பது வயதில் விழுங்கிய தப்புக்குப் பதில் இதோ கைக்குள். வாய் திறந்துதான் இருந்தது. மீனின் வாசனை மூக்கில் ஏறியது. இதைவிட வேண்டும் என்று அவன் எதையும் ஆசைப்பட்டதில்லை. அவன் உடம்பு முழுக்க அதைக் கேட்டது. உள்ளங்கைக்குள் மீன் ஒருமுறை துடித்தது. செவுள் திறந்து மூடியது. அந்த வயிற்றுக்குள் எத்தனை ஆயிரம் முட்டை என்று கூட்டத்தில் கத்தியவன் அவன்தான். அதற்காகத்தான் பால்டுர் தன் ராட்சசனை விட்டான்.

அவனால் முடியவில்லை. முள்ளைக் கழற்றினான். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வாலைப் பிடித்தபடி, அது மூச்சு வாங்கும்வரை தாங்கினான். கொஞ்ச நேரத்தில் வால் கைக்குள் முறுக்கேறியது. விரலைத் திறந்தான். அது அவசரமே இல்லாமல் ஆழத்துக்குள் போயிற்று.

துக்கம் வரும் என்று அங்கேயே நின்றான். வரவில்லை. வந்தது பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரையேறிக் கூடையைத் திறந்து, புகைபோட்ட ஆட்டுக்கறி வைத்து மடித்த தட்டை ரொட்டியை எடுத்துக் கடித்தான். வாழ்க்கையில் அப்படி ஒரு ரொட்டியைச் சாப்பிட்டதில்லை. ‘விட்டாலும் உன் மீன்தான்’ என்று சொன்னது பொய்யில்லை. ஆச்சரியம், அது உண்மையாகவே இருந்தது.

திரும்பிப் பார்த்தால் ஸ்வாவா ஈரப் பாவாடையோடு கல்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமியார் சாவுக்கு அழாதவள். மலைப்பனியில் ஐம்பது ஆடு செத்தபோதும் அழாதவள்.

“என்ன ஆச்சு? கால் விறைச்சிருச்சா?”

“கால் நாசமாப் போகட்டும்!” மூக்கைச் சிந்தினாள். “எவ்வளவு கஷ்டப்பட்டு நாற்காலிப் பேச்சை இழுத்தேன் தெரியுமா? உன் கை சும்மா இருக்கணும்னா உன் வாய் ஓடணும். அதுக்காகத்தான் பேசினேன். இந்த ஒரு நாள் உனக்குக் கிடைச்சிரணும்னு வேண்டிக்கிட்டேன், நான், சர்ச்சுல தூங்குறவ! கிடைச்சுது, நீ விட்டுட்ட.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். “உனக்கு இது இவ்வளவு பெரிசா? நீதான எல்லாருக்கும் முன்னாடி சிரிப்ப?”

“நான் முன்னாடி சிரிச்சாத்தான் அவங்க சிரிப்பு உன்னைக் குத்தாது. பொண்டாட்டியே சிரிக்கிறா, விளையாட்டுத்தான்னு போயிரும்.” முகத்தைக் கையால் அழுந்தத் துடைத்தாள். “ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் குத்திச்சு.”

முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்தவளைக் கோல்பெய்ன் அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் பார்த்தான். அவள்மேல் அவனுக்கு அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவள் கையில் வைத்தான். தன் சட்டையைக் கழற்றி அவள் காலைச் சுற்றினான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோல் புல்லில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது, அவன் மறுபடி இறங்கவில்லை.

ஆற்றுவிடுதியில் சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. நீண்ட மேஜையைச் சுற்றிப் பண்ணைக்காரர்கள், அவர்கள் பெண்சாதிகள், ஆர்னாரும் ஊனாவும். ஸ்வாவாவை அடுப்போரம் கொண்டுபோய் யாரோ காய்ந்த கால்சட்டை கொடுத்து உட்கார வைத்தார்கள். கோல்பெய்ன் உட்காரக்கூட இல்லை, பால்டுர் ஆரம்பித்துவிட்டான்.

“வாடா ட்ரவுட்! பாதிரி மடு என்ன கொடுத்துச்சு?”

“ஒரு சால்மன்,” என்றான் கோல்பெய்ன்.

“எங்க?”

“ஆத்துல.”

மேஜை அதிர்ந்தது. “எங்க சால்மனும் அங்கதான்டா இருக்கு!” என்று பால்டுர் தொடையைத் தட்டினான். ஒருவன் சூப்பில் புரையேறி இருமினான். “பெரிசோ?” “அளந்தியா?” “துடுப்பு ருசியா இருந்துச்சா?” என்று நாலு பக்கமும் எடுத்துக் கொடுத்தார்கள்.

வழக்கம்போல் எல்லார் கண்ணும் ஸ்வாவா பக்கம் போயிற்று, அவள் எடுத்துக் கொடுத்தால்தானே களை கட்டும். அவள் சிரிக்கவில்லை. கையில் சூப் கிண்ணத்தோடு, சிவந்த கண்ணோடு, பால்டுரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் சிரிப்பை முதலில் நிறுத்தினாள், பிறகு அவள் புருஷன். ஒவ்வொருவராக அடங்கிக் கடைசியில் பால்டுரின் குரல் மட்டும் தனியாக ஒலித்து, அதுவும் நின்றது. ஸ்வாவா சிரிக்கவில்லை என்றால் அது விளையாட்டில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் அந்த வாய் மூடியிருந்தாலும் பொய்க்குத் துணைபோகாது என்று அந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும்.

“எவ்வளவு?” என்று கேட்டான் பால்டுர். குரல் இறங்கியிருந்தது.

“எழுபத்தொண்ணு.”

பால்டுர் ஒரு விரலைத் தூக்கி அதையே பார்த்தான். பிறகு கோல்பெய்னைப் பார்த்தான். விடுவதென்றால் என்ன என்று அந்த மேஜையில் வேறு எவரையும்விட அவனுக்குத் தெரியும்.

“கடிக்கலியா?”

“இல்ல.”

பால்டுர் எழுந்தான். அண்டாவிலிருந்து முதல் கரண்டியை, எலும்போடு நல்ல துண்டாகப் பார்த்து, மொண்டு கோல்பெய்ன் முன்னால் வைத்தான். அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றினான். மரியா மீன் பிடித்த ஒவ்வொருவரிடமும் அந்த மேஜையில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கோல்பெய்னிடம் அதை எவரும் கேட்டதில்லை.

“சரி கோல்பெய்ன்,” என்றான் பால்டுர். “எப்படிக் கவ்விச்சு, சொல்லு.”

கோல்பெய்ன் கரண்டியைக் கீழே வைத்தான். “மழை விட்டு, தண்ணி இறங்கிட்டிருந்துச்சு,” என்று தொடங்கினான். சூப் ஆறிப்போயிற்று. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.